மூடியதிலிருந்து நாலு

நினியன் ரென்னி ஒரு சைக்கிளைத் தொட்டால், முதல் வேலையாகப் பின் ஷாக்கில், அழுந்தியது எழும் வேகத்தை அடக்கும் சிவப்புக் குமிழை வலப்பக்கமாகத் திருப்பி, இனித் திரும்பாது என்னும் மட்டும் மூடுவான். அதன் பிறகுதான் திறப்பது. ஒவ்வொரு சொடுக்கையும் வாய்விட்டு எண்ணுவான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலில் நிறுத்திவிட்டு, சீட்டை ஒற்றைக் கையால் ஓர் அமுக்கு அமுக்கி விடுவான். சைக்கிளின் பின்பக்கம், காய்ச்சல்காரன் படுக்கையை விட்டு எழுவதுபோல, அவசரமே இல்லாமல் மேலே வரும்.

"இது யாரையும் தூக்கி எறியாது," என்பான்.

அவன் அதைச் சொல்லும்போது எதிரில் நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். இன்னர்லீதன் என்ற அந்த மலையடி ஊரில் எல்லாருக்கும் அவன் இடது கையைப் பற்றித் தெரியும். மூன்றரை வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் மாத ஈரத்தில், மலை இறக்கத்தில் 'குடல்' என்று ஓட்டுநர்கள் பெயர் வைத்திருக்கும் இடத்தில் விழுந்தான். ஊசியிலை மரங்களின் வேர்கள் மாட்டுக் குடலைக் கொட்டியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஐம்பது மீட்டர் அது. அந்தக் காலத்தில் அவனுக்குத் துள்ளல் பிடிக்கும். குமிழை நன்றாகத் திறந்து வைத்திருந்தான். ஒரு வேரில் அழுந்திய ஷாக், கட்டவிழ்ந்த கன்றுபோல் உதைத்து எழுந்தது. தலைகுப்புறப் போய் இடது தோளில் விழுந்தான். கழுத்தோரத்து நரம்புகள் வேரோடு பிடுங்கிக்கொண்டன. எலும்பு கூடிவிட்டது, கை கூடவில்லை. இப்போது அந்தக் கை ஜாக்கெட் பைக்குள் கிடக்கிறது, யாரோ பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள்போல.

மலை இறக்கப் பந்தயங்களில் ஓட்டும் அவன் தங்கை இஷ்பெல் மட்டும், அந்த 'நாலு' என்ற எண் காதில் விழுந்தாலே வேறு பக்கம் பார்ப்பாள். ஏனென்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

நினியன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததற்கு அடுத்த வசந்தத்தில் நடந்தது அது. நாலு மாதம் யாரோடும் பேசாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன், ஒருநாள் திடீரென்று எழுந்து, "உன் சைக்கிளை ஷெட்டுக்குக் கொண்டு வா. நான் செட் பண்ணித் தரேன்," என்றான். காற்றடிக்கும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, சக்கரத்தை முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் வேலை செய்தான். ஹெல்மெட், தண்ணீர்ப் பை உட்பட முழு உடுப்போடு அவளைச் சீட்டில் உட்கார வைத்தான். அவள் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவள் எடைக்கு ஷாக் எவ்வளவு இறங்குகிறது என்று அதன் தண்டில் நகரும் ரப்பர் வளையத்தைப் பார்த்து அளந்தான். காற்றைக் கூட்டினான், குறைத்தான், மறுபடி அளந்தான். கடைசியில் குமிழை மூடி, நாலு எண்ணித் திறந்துவிட்டுக் கேட்டான்:

"எப்படி இருக்கு?"

நாலு மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் வியர்வையைப் பார்க்கிறாள். "நல்லா இருக்கு," என்றாள்.

நல்லாவே இல்லை. மறுநாள் பயிற்சியில் குடலில் இறங்கியபோதே தெரிந்துவிட்டது. முதல் வேரை ஷாக் விழுங்கியது. அது எழுந்து வருவதற்குள் இரண்டாம் வேர் வந்தது, பாதிதான் விழுங்கியது. மூன்றாவதுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு வேரிலும் இன்னும் கொஞ்சம் இறங்கி, இன்னும் கொஞ்சம் இறங்கி, அடியோடு உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு அவளுக்குக் கீழே இருந்தது சைக்கிள் இல்லை, பலகை. சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் வழுக்கியது. சக்கரத்துக்குத் தரையில் பிடி இருக்கத்தான் அவன் அப்படி வைத்திருந்தான்; போனதும் அந்தப் பிடிதான்.

அடுத்து வந்த பந்தயத்தன்று மலையுச்சியில், காலணிக் கயிறு கட்டுகிறவள்போலக் குனிந்து, பின்னால் நாலு சொடுக்கு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியில் மூன்று சொடுக்கு திறந்தாள். இரண்டாவதாக வந்தாள். நினியன் தினமும் சாயங்காலம் எண்ணிப் பார்ப்பான் என்பதால், வண்டி நிறுத்தத்துக்கு வருமுன் கடைசி மரத்துக்குப் பின்னால் நின்று, திறந்ததை எல்லாம் மூடினாள்.

"பாத்தியா," என்றான் நினியன். அன்றைக்குத்தான் அவன் விபத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சிரித்தான்.

மூன்று வருஷமாக அதே கதை. மேலே திறப்பது, கீழே மூடுவது. ஒரு மாதத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவள் பந்தய நேரங்களைப் பார்த்துவிட்டு ஊரில் இருவர் தங்கள் சைக்கிளை நினியனிடம் கொண்டு வந்தார்கள். பிறகு நால்வர். ஷெட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை வந்தது. நினியன் முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தான். புலி வாலைப் பிடித்தவள் என்ன செய்வாள்? பிடித்துக்கொண்டே இருந்தாள்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே வரத்தைக் கேட்டார்கள்: துள்ளவும் வேண்டும், தரையில் ஒட்டவும் வேண்டும். நினியன் எல்லாருக்கும் நாலு வைத்தான். "சைக்கிள் செத்த மாதிரி இருக்கே நினியன்," என்று யாராவது திரும்பி வந்தால், "இஷ்பெல்லுக்கும் இதுதான். அவ ஓட்டலையா? உனக்குத்தான் பழகலை," என்பான். அவர்களும் தங்கள் திறமையைத் திட்டிக்கொண்டு போவார்கள். ஊரில் பாதிப்பேர் தங்களுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஜூன் மாதத்து ஞாயிறு பந்தயத்துக்கு மட்டும் பதினொரு சைக்கிள்கள் அவன் கைபட்டு நின்றன. அதில் ஒன்று வில்மா டெய்ட்டினுடையது. வில்மா தபால்காரி, ஐம்பத்திரண்டு வயது, வாட்டசாட்டமான உடம்பு, அதைவிடப் பெரிய வாய். அந்தப் பக்கத்து வழக்கப்படி எல்லாப் பெண்களையும் 'கோழி' என்றும் எல்லா ஆண்களையும் 'மகனே' என்றும் கூப்பிடுவாள். வியாழக்கிழமை, இஷ்பெல் வேலை செய்யும் மருந்துக்கடைக்குள் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கோழி, நீலம் பாரிச்சதுக்கு ஏதாவது களிம்பு கொடு. பெரிய டப்பாவா. இடுப்பிலேர்ந்து முட்டி வரைக்கும் போடணும்."

"எங்க விழுந்தீங்க?"

"குடல்லதான், வேற எங்க? சைக்கிள் என்னைத் தள்ளலை. அப்படியே கீழ இறங்கி உட்கார்ந்துடுச்சு, சக்கரம் சறுக்கிடுச்சு. உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். இஷ்பெல்லுக்கும் இதே நாலுதான், அவ விழலையேங்கறான். அவன் சொல்றதும் நியாயம்தானே. உன் வயசென்ன, என் வயசென்ன. எனக்குப் பின்னாடி ஒரு தபால் மூட்டை கனம் வேற. சைக்கிளைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?"

இஷ்பெல் களிம்பை எடுத்து வைத்தாள். உண்மை வாய் வரைக்கும் வந்தது. "ஒரு நாளைக்கு மூணு தடவை போடுங்க," என்றாள்.

வில்மா நொண்டிக்கொண்டு போவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் அந்தப் பொய் அவளை மட்டும்தான் கட்டிப்போட்டிருக்கிறது என்று எண்ணியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வில்மா இதே சைக்கிளில் பந்தய வேகத்தில் அந்த வேர்களில் இறங்கப் போகிறாள்.

சனிக்கிழமை பயிற்சி. மேலே ஏற்றிவிடும் வேனின் பின்வண்டியில் சைக்கிள்களை அடுக்கும்போது, தன் சைக்கிளைக் கட்டுகிற சாக்கில் வில்மாவின் குமிழையும் நாலு சொடுக்கு திறந்துவிட்டாள் இஷ்பெல். கீழே வந்ததும் எப்படியாவது மூடிவிடலாம் என்பது கணக்கு.

கணக்கு தப்பியது. வில்மா கடைசி மரத்தருகே நிற்கவே இல்லை. நேராக வண்டி நிறுத்தத்துக்குப் போய், அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சதுரமான சாசேஜ் இறைச்சி வைத்த பன்னைத் தின்றுகொண்டிருந்த நினியன்முன் பிரேக் போட்டாள். இஷ்பெல் வந்து சேர்வதற்குள் வில்மா பாதிக் கதை சொல்லி முடித்திருந்தாள்.

"...மகனே, என் பல்லெல்லாம் அதது இடத்துல இருக்கு. சைக்கிளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. குடல் நடுவுல ஒரு தடவை மட்டும் யாரோ பின்னாடி உதைச்ச மாதிரி ஒரு தூக்கு. ஆனா பரவால்லை, என் புருஷன் அதைவிட மோசமா காரோட்டுவான்."

நினியன் தின்பதை நிறுத்தினான். "உதைச்சுதா?"

பன்னை நாற்காலியில் வைத்துவிட்டுக் குனிந்தான். குமிழை மூடும் பக்கமாகத் திருப்பி எண்ணினான். நாலில் அது முட்டியிருக்க வேண்டும். ஐந்து என்றான். ஆறு. ஏழு. எட்டில் முட்டியது. மறுபடி திறந்து, மறுபடி எண்ணினான். எட்டு.

"வில்மா, நீங்க இதைத் தொட்டீங்களா?"

"நானா? தபால் பெட்டியைத் தவிர நான் எதையும் திறக்கறதில்லை, மகனே."

"வியாழக்கிழமை நீங்க விழுந்ததுக்கப்புறம் நான்தான் திரும்பப் பாத்தேன். நாலுன்னு எண்ணித்தான் வச்சேன்." தன் வலதுகை விரல்களைப் பார்த்தான். கட்டைவிரலால் மற்ற நாலு நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தான். இஷ்பெல்லுக்கு அந்தத் தேய்ப்பின் அர்த்தம் புரிந்தது. குளிர்காலத்திலிருந்தே அவன் வலதுகை விரல் நுனிகள் அவ்வப்போது மரத்துப்போயின. இரண்டு கை வேலையையும் ஒரு கை செய்தால் அதுவும் சோர்ந்துபோகலாம் என்று பிசியோதெரபிக்காரர் சொல்லியிருந்தார்.

நினியன் பன்னைத் தொடவில்லை. வில்மாவின் சைக்கிளை வேனில் ஏற்றச் சொன்னான்.

வீடு வந்ததும் ஷெட்டுக்குள் போனான். இஷ்பெல் இரண்டு கோப்பைத் தேநீரோடு போனபோது, சுவர்க் கொக்கியில் மாட்டியிருந்த பழைய ஷாக் ஒன்றின் குமிழைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிக்கொண்டிருந்தான். எண்ணுவான், கண்ணைத் திறந்து பார்ப்பான், மறுபடி முதலிலிருந்து. பிறகு பட்டறைக் கவ்வியின் கூர்விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். வெள்ளையாகும் வரை அழுத்தினான்.

"என்ன பண்றே நினியன்?"

"உணர்ச்சி இருக்கான்னு பாக்கறேன்." சாதாரணமாகத்தான் சொன்னான். "இருக்கு. ஆனா இருக்குன்னு தோணுதா, நிஜமா இருக்கான்னு தெரியலை. நாலுன்னு எண்ணி எட்டு வச்சிருக்கேன், இஷ்பெல். வில்மா நாளைக்கு அந்த எட்டோட இறங்கியிருப்பா. மீதிப் பத்துப் பேருக்கு என்ன வச்சிருக்கேனோ." கோப்பையை வாங்கிக்கொண்டான். "எல்லாருக்கும் போன் பண்ணி, வேற யார்கிட்டயாவது காட்டச் சொல்லிடறேன். பலகையையும் கழட்டிடலாம். உன்னோடதையும் இனிமே நீயே பாத்துக்கோ."

மூன்று வருஷமாக அவள் காத்திருந்த வாக்கியம் அது. நீயே பாத்துக்கோ. அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, சரி என்று சொன்னால் போதும். கதவு தானாகத் திறக்கிறது. மரத்துக்குப் பின்னால் ஒளிவது இல்லை, நடிப்பு இல்லை. ஒரே ஒரு விலை: அவன் தன் மிச்சக் கையும் செத்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்காருவான்.

தேநீர் சூடாக இருந்தது. அவள் பாதிக் கோப்பை குடிக்கும் வரை பேசவில்லை. அந்தப் பாதிக் கோப்பை நேரத்தை அவள் பின்னால் எத்தனையோ தடவை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறாள்.

"உன் கை சரியாத்தான் இருக்கு," என்றாள். "நான்தான் திறந்தேன்."

"எதை?"

"வில்மாவோடதை. இன்னிக்குக் காலையில, வேன்ல ஏத்தும்போது."

அவன் முதலில் சிரித்தான். நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தவன் சிரிப்பு. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். பிறகுதான் சிரிப்பு மெல்ல நின்றது.

"எதுக்கு நாலு சொடுக்கு? குத்துமதிப்பாவா?"

"என்னோடது எட்டு. அதனால."

"உன்னோடது நாலு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். ஷெட்டின் தகரக் கூரையில் ஒரு காகம் நடந்தது. அதன் நகச் சத்தம் மூலைக்கு மூலை போய் வந்தது.

"எப்போலேர்ந்து?" என்றான்.

"முதல் பந்தயத்திலேர்ந்து. மேல போய்த் திறப்பேன். கீழ வந்து மூடுவேன்."

"தினமுமா?"

"தினமும்."

"நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி உட்கார்ந்து எண்ணுவேனே. நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருப்பே."

"ஆமா."

அவன் திட்டியிருந்தால் தேவலை. கோப்பையைக் கவ்விக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசலில் நிற்கும் வில்மாவின் சைக்கிளை வெகுநேரம் பார்த்தான். "அப்ப ஊர்ல எல்லாரும் ஓட்டறது என் பயத்தை," என்றான். "நீ ஒருத்திதான் சைக்கிள் ஓட்டியிருக்கே."

பிறகு எழுந்தான். "வில்மாவைக் கூப்பிடு."

வில்மா பத்து நிமிஷத்தில் வந்தாள். நினியன் மறைக்கவில்லை. நாலு தப்பு என்றான். இஷ்பெல் அதை ஓட்டவே இல்லை என்றான். வில்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு வருஷமா நான் கிழவியாயிட்டேன்னு நினைச்சு மீன் எண்ணெய் மாத்திரை தின்னுக்கிட்டு இருந்தேனே, அதை யார் திருப்பித் தரது?"

யாரும் சிரிக்காததால் அவளே கொஞ்சம் சிரித்துக்கொண்டாள்.

"எட்டுல வச்சுடலாமா?" என்று இஷ்பெல் மெதுவாகக் கேட்டாள்.

நினியன் திரும்பினான். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "எட்டா? உன் எடைக்கு எட்டு. இவங்களுக்கு அதே ஷாக்ல எவ்வளவு காத்து அடிச்சிருக்கேன்னு பாத்தியா? காத்து கூடக்கூட அது திருப்பித் தள்ற வேகமும் கூடும். குடல்ல உதைச்சுதுன்னு இவங்களே சொன்னாங்க, காதுல விழலையா உனக்கு? நாளைக்குப் பந்தய வேகத்துல எட்டோட போயிருந்தா, இன்னொரு கை பைக்குள்ள போயிருக்கும்."

இஷ்பெல் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவன் எல்லாருக்கும் நாலு வைத்ததுபோல, அவள் தன் எட்டைத் தூக்கி இன்னொருத்தி சைக்கிளில் வைத்திருக்கிறாள். செய்த தவறு ஒன்றுதான். அவன் பயத்தில் செய்தான், அவள் ஒளிந்துகொண்டு செய்தாள்.

"ஏறுங்க," என்று நினியன் வில்மாவிடம் சொன்னான். "முழு உடுப்போட."

ஐந்தில் வைத்து, தெருவோர நடைபாதையின் விளிம்பிலிருந்து, சீட்டில் உட்கார்ந்தபடி இறங்கச் சொன்னான். பின்பக்கம் சோம்பலாக வந்தது. ஏழில் வைத்தான். எழுந்து, தன் நிலையைத் தாண்டி, ஒரு தடவை ஆடிவிட்டு நின்றது. ஆறில் வைத்தான். இறங்கியது, ஒரே தடவை எழுந்தது, அடங்கியது.

"இன்னொரு தடவை," என்றான். வில்மா முணுமுணுத்துக்கொண்டு இன்னொரு தடவை இறங்கினாள். அதேதான்.

"ஆறு. இது துள்ளும், ஒட்டவும் ஒட்டும்," என்றான். அந்த எண்ணைச் சொன்னபோது அவன் குரலில் பழைய நினியன் கொஞ்சம் தெரிந்தான். மற்றப் பத்துப் பேருக்கும் போன் போயிற்று. ஜூன் மாதத்து வெளிச்சம் இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. ஒவ்வொருவராகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் வந்து நின்றார்கள்.

நினியன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இஷ்பெல்லின் சைக்கிள் பக்கம் வந்தான். "முதல்ல உன்னோடது. ஏறு."

"என்னோடது சரியா இருக்கு."

"யார் சொன்னா? குனிஞ்சு அவசரத்துல திருப்பினது. விளிம்புல ஒரு தடவையாவது பாத்திருக்கியா? ஏறு, சுவரைப் பிடிச்சுக்கோ."

அவள் ஏறிவிட்டாள். பழக்கதோஷம், கால் தானாகத் தூக்கியது, கை தானாகச் சுவரைத் தேடியது. அவன் குனிந்து குமிழில் விரல் வைத்தான். இப்போது பொய் இல்லை, மறைவு இல்லை. இருந்தும் அதே சுவர், அதே சீட்டு, அவனுடைய அதே விரல்கள். அவன் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நினியன், கையை எடு."

"ரெண்டு நிமிஷம்தான்."

"எடு. இதை நான் பாத்துக்கறேன்."

தெருவில் நின்றவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். நினியனின் விரல் இன்னும் சற்று நேரம் குமிழின் மேலேயே இருந்தது. பிறகு எடுத்தான். வரிசையில் முதலில் நின்றவரின் சைக்கிளுக்குப் போய்க் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டான்.

இஷ்பெல் தன் சைக்கிளைத் தெருக்கோடி விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனாள். இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, அந்தக் குமிழை அவள் தொட்டதில்லை. எட்டில் வைத்து இறங்கினாள். எழுந்து, தாண்டி, ஆடியது. வில்மாவுக்கு ஏழில் ஆடியதுபோலவே ஆடியது. ஒரு சொடுக்கு மூடினாள்.

"இன்னொண்ணு மூடு," என்று குழாயை வாயிலிருந்து எடுக்காமலே நினியன் அங்கிருந்து கத்தினான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டில் இறங்கிய சத்தத்தை வைத்தே சொல்கிறான். "வேகமா எழும்புது."

மூடினால் அவன் சொல்லி மூடியதாகும். மூடாவிட்டால் வீம்புக்காக மூடாததாகும். அவள் விரல் குமிழின் மேல் நின்றது. பிறகு குமிழைத் தொடாமல் சைக்கிளைத் திருப்பி நடைபாதைமேல் ஏற்றினாள், மறுபடி உட்கார்ந்து இறங்கினாள். சக்கரம் தரையைத் தொட்டது, அழுந்தியது, ஒரே தடவை எழுந்து அடங்கியது.

ஏழு. அப்படியே விட்டாள்.